நின்று வரும் மூச்சு

கோண்டாவில்

அன்புள்ள மகனுக்கு,

இதயத் துடிப்பையும் மூச்சையும் அளக்க நீ அனுப்பிய தகட்டை மெத்தைக்குக் கீழே, என் நெஞ்சுக்கு நேராக வைத்துவிட்டோம். உடம்பில் வயரும் இல்லை, பட்டியும் இல்லை. அப்படி ஒன்று கிடப்பதையே அம்மா இரண்டாம் நாள் மறந்துவிட்டார். இதயம் இரத்தத்தைத் தள்ளும் ஒவ்வொரு முறையும் உடம்பு மயிரிழை அளவு அசையும் என்றும், 1877இல் கோர்டன் என்பவர் வில் தராசில் ஆளை நிறுத்தியபோது இதயத் துடிப்போடு அதன் முள்ளும் ஆடியது என்றும் பௌதிகவியல் படிப்பித்த நான் உனக்குச் சொல்லியிருக்கிறேன். அதே அசைவை ரொறன்ரோவில் இருந்துகொண்டு நீ பார்க்கிறாய் என்பது எனக்குப் பெருமைதான்.

ஆனால், ராசா, தேர்த் திருவிழாவுக்கு வந்து நீ விறாந்தையில் படுத்திருந்த இரவில் உன் குறட்டை சட்டென்று நின்றது. மணிக்கூட்டைப் பார்த்து எண்ணினேன், 22 செக்கன். பிறகு கேணியில் முங்கி எழுபவனைப் போல மூச்சை இழுத்தாய். விடியும்வரை அப்படியே நடந்தது. 10 செக்கனுக்கு மேல் நின்றாலே வைத்தியர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். மறுநாள் சோற்றுக்கு முன்னால் கண்ணயர்ந்த நீ, பயணக் களைப்பு என்று பேச்சை மாற்றினாய். மருமகள் முன்னிலையில் நானும் விட்டுவிட்டேன்.

எனக்கு வாங்க மனம் வந்த உனக்கு, உனக்கென்று ஒன்று வாங்க ஏன் வரவில்லை? வாங்கி, நீ படுக்கும் பக்கத்தில் வை. இருவருடைய அசைவும் கலந்தால் கணக்குப் பிசகும். அது காட்டுவதோடு நின்றுவிடாமல் வைத்தியரிடம் போய்த் தூக்கப் பரிசோதனை செய். அந்தத் தகடு நோயை முடிவு செய்யாது.

1995 இடப்பெயர்வில் சாவகச்சேரிப் பள்ளிக்கூடத்தில் அப்பு எனக்குப் பக்கத்தில்தான் படுத்திருந்தார். அவருடைய குறட்டையும் இப்படித்தான் நின்று நின்று வரும். அன்றிரவு அது நின்றபோது, இனியாவது மற்றச் சனம் தூங்கட்டும் என்று நினைத்து நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். விடியற்காலையில் அவருடைய கை குளிர்ந்திருந்தது. தூக்கத்திலேயே போன புண்ணியவான் என்று ஊர் சொன்னதைத்தான் உனக்கும் சொல்லி வளர்த்தேன். நின்றது என் காதில் விழுந்தது என்பதை உன் அம்மாவுக்கும் இன்றுவரை சொன்னதில்லை.

விறாந்தையில் அன்று முழு இரவும் என் கை உன் தோளுக்குக் கிட்டவே இருந்தது. இந்தக் கடிதத்தை மருமகளுக்கும் வாசித்துக் காட்டு. வைத்தியரிடம் போகும்வரை மல்லாந்து படுக்காதே, சரிந்து படு. தகட்டை வாங்கிய அன்றே எனக்கு எழுது.

அப்பா