அணைக்கும் பொத்தான் யாரிடம்?

ஆசிரியருக்கு வணக்கம்.

1987இல் வந்த 'ரோபோகாப்' படத்தில், செயல்விளக்கத்தின்போது துப்பாக்கியைக் கீழே போட்ட ஊழியரையும் இடி-209 (ED-209) என்ற காவல் இயந்திரம் 20 விநாடிக் கெடு முடிந்ததும் சுட்டுத் தள்ளுகிறது. சுடுமுன் மறுபடி சரிபார்க்கவில்லை. அருகிலிருந்த பொறியாளர்களால் அணைக்கவும் முடியவில்லை. நிஜ ஆபத்தும் இதுதான். இயக்கும் மனிதருடனான ரேடியோத் தொடர்பு முடங்கினால் சுடாமல் நிற்கும்படியே ஆயுத ட்ரோனை வடிவமைக்க வேண்டும்.

எங்கள் வாளையார் எல்லையை ஒட்டிய மதுக்கரை ரயில் பாதையில் 2024 முதல் யானைகளைக் கண்டறியும் வெப்பக் கேமராக்கள் உள்ளன. அவை எச்சரிக்கை மட்டுமே தரும். வண்டியை நிறுத்துவது மனிதர். மாட்டை யானை என்று காட்டினால் சில நிமிடத் தாமதம், அவ்வளவே. ஆயுதம் பூட்டிய இயந்திரத்தில் அதே பிழை ஓர் உயிரைக் குடிக்கும்.

இத்தகைய படங்களுக்கு விமர்சனம் எழுதும்போது, கிராபிக்ஸைப் பாராட்டுவதோடு அணைக்கும் அதிகாரம் யாரிடம் என்பதையும் தயவுசெய்து எழுதுங்கள்.

— வாசகர்கள், வாளையார்