கறவைக் கணக்கில் அடங்காத மாடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்தில் சென்ற வாரம் நாட்டு மாடுகளைப் பற்றி ஒரு கட்டுரை வந்திருந்தது. 'நாளொன்றுக்கு இரண்டு லிட்டர் பால்கூடத் தராத உம்பளச்சேரி போன்ற இனங்களைக் கட்டிக் காப்பது உணர்ச்சியே தவிரப் பொருளாதாரம் ஆகாது' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எந்த ஊர்க்காரரோ, அறியேன். தலைஞாயிறு, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் பக்கம் ஐப்பசி மழையில் ஒரு நாள் வயலில் இறங்கி நின்றவராக இருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

உம்பளச்சேரி பாலுக்காக உருவான இனம் அன்று என்பதை, கடைமடைச் செய்திகளை இத்தனை காலமாக வெளியிட்டு வரும் தங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. காவிரியின் வால்பகுதியில், கால் புதையும் சேற்றில், வெயிலென்றும் பாராமல் ஆறேழு மணி நேரம் ஏர் இழுப்பதற்காக எங்கள் முன்னோர் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்து வளர்த்த மாடு அது. கன்று செவலையாகப் பிறந்து, சில மாதங்களில் சாம்பல் நிறத்துக்கு மாறும். நெற்றிச் சுட்டியும் வெள்ளைக் கால்களும் மாறாமல் தங்கிவிடும். உழவு மாட்டின் கொம்பை நீக்கிவிடுவது இப்பகுதி வழக்கமாதலால் மொட்டை மாடு என்றும் சொல்வார்கள். இத்தகைய மாட்டைப் பால் செம்பை வைத்து அளப்பது, படகைச் சாலையில் இழுத்துப் பார்த்து வேகம் போதாது என்பதற்கு ஒப்பாகும். இன்று உழவுக்கு டிராக்டர் வந்துவிட்டது என்பார்கள். வந்துவிட்டதுதான். தாழ்ந்த வயலில் அது புதைந்துபோய், அதை இழுக்க இன்னொரு டிராக்டரைத் தேடி அலைந்த கதை எங்கள் ஊரில் ஒவ்வொரு சம்பாவுக்கும் உண்டு.

பொருளாதாரம் என்பது வரவை எழுதிச் செலவை மறைப்பதாகாது. என் கொட்டகையில் இரண்டு வகை மாடும் நின்றன. வங்கிக் கடனில் வாங்கிய கலப்பினப் பசு பத்து லிட்டர் கறந்தது உண்மை. அது தின்ற புண்ணாக்குக்கும் தீவனத்துக்கும், மாறி மாறி வந்த மடிநோய்க்கும், சித்திரை வெயிலில் இரைத்துக்கொண்டு படுத்தபோது போட்ட ஊசிகளுக்கும் ஆன செலவைத் தங்கள் வேளாண் பக்கத்தில் நான் ஒருநாளும் கண்டதில்லை. பக்கத்துக் கட்டுத்தறியில் நின்ற உம்பளச்சேரியோ, காலையில் அவிழ்த்துவிட்டால் உவர்த் தரையில் முளைத்திருப்பதை மேய்ந்து, பொழுது சாயத் தானாக வீடு திரும்பி, கன்றுக்குப் போக மிஞ்சியதைக் கொடுத்தது. அதில் இன்னொன்று வாங்கக் கடன் கேட்டுப் போனபோது, நாட்டு மாட்டுக்குத் திட்டம் கிடையாது, கலப்பினம் என்றால் இன்றே கையெழுத்துப் போடலாம் என்று பதில் வந்தது. இப்படிக் கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திவிட்டு, இந்த மாடு பொருளாதாரத்தில் தேறவில்லை என்று எழுதுவது எளிது.

பசுக்கள் குறைவதைவிடப் பொலிகாளை இல்லாமல் போவதுதான் ஓர் இனத்தை விரைவில் முடிக்கிறது. முன்பு ஊருக்கு ஒரு கோயில் காளையாவது இருந்தது. இப்போது பசு பருவத்துக்கு வந்து கத்தினால் மருந்தகத்துக்குத்தான் ஓட்டிச் செல்ல வேண்டும். அங்கே கையிருப்பில் இருப்பது ஜெர்சி என்னும் வெளிநாட்டு இனத்தின் சினை ஊசி. நாட்டு இன ஊசி அடுத்த வாரம் வரும் என்கிறார்கள். ஒரு நாளில் அடங்கிவிடும் பருவம் அடுத்த வாரம் வரை காத்திருக்குமா என்பதைக் கால்நடை மருத்துவம் படித்தவர்களுக்கு நான் விளக்குவது மரியாதையாக இராது. வேறு வழியின்றி ஜெர்சியே போடப்பட்டு, இரண்டு மூன்று ஈற்றுக்குள் ஒரு தொழுவத்தின் இனமே மாறிப் போகிறது. பிறப்பிடங்களில் நாட்டு இனங்களைத் தூய்மையாகவே பெருக்க வேண்டும் என்று மாநில இனப்பெருக்கக் கொள்கை சொல்கிறது, கொள்கைக்குக் குறைவில்லை. 2012-க்கும் 2019-க்கும் இடைப்பட்ட கணக்கெடுப்பில் நாடு முழுவதும் அயலின, கலப்பின மாடுகள் ஏறத்தாழ 27 விழுக்காடு கூடியதும், நாட்டு மாடுகள் 6 விழுக்காடு குறைந்ததும் தங்கள் இதழிலேயே வந்திருக்கும். காங்கேயம், உம்பளச்சேரி, பர்கூர், புலிக்குளம் என நம் இனங்களின் பெயர்கள் கர்னாலில் உள்ள, கால்நடை மரபு வளங்களுக்கான தேசிய நிறுவனத்தின் பதிவேட்டில் பத்திரமாக இருக்கின்றன. மாடுகள்தாம் பத்திரமாக இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் எங்கள் கொட்டகைகளைச் சரித்தபோது, நிவாரணம் எழுத வந்தவர்களின் படிவத்தில் கறவை மாடு, உழவு மாடு என்ற பிரிவுகள் இருந்தன. இனம் என்று ஒரு கட்டம் இல்லை. கிடைத்த பணத்துக்குச் சந்தையில் கலப்பினமே அகப்பட்டது. அந்த ஓர் இரவில் போன உம்பளச்சேரி மாடுகள் எத்தனை என்று யாரும் கேட்கவில்லை, தாங்களும் கேட்கவில்லை.

ஏறு தழுவுதலுக்காக 2017-இல் மெரினாவில் திரண்ட பிள்ளைகளை நான் குறை கூறமாட்டேன். 2023 மே மாதம் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு அதற்கு ஒப்புதல் தந்ததும் முதல் பக்கச் செய்திதான். வாடிவாசலுக்கு வராமல் சேற்றிலேயே நிற்கும் மாட்டுக்கு அந்த அன்பில் பங்கு கிடைக்கவில்லை. கொம்பில்லாததால் படத்துக்கு எடுப்பாக இராது போலும். தங்கள் பொங்கல் மலரில் 'தமிழர் வளர்த்த காளை' என்ற தலைப்பின் கீழ், புடைத்த நெற்றியும் தொங்கும் நீண்ட காதுகளுமாகக் குஜராத்தின் கிர் பசு நின்றுகொண்டிருந்தது. தமிழரும் இல்லை, காளையும் இல்லை. திருத்தம் வரும் என்று மாசி முழுவதும் பார்த்திருந்தேன்.

நான் கேட்பது பெரிதன்று. கொருக்கை அரசுக் கால்நடைப் பண்ணையில் உம்பளச்சேரிக் கன்றுகள் விற்பனைக்கு வரும் நாள், எங்கள் வட்டாரத்தில் எந்தெந்த மருந்தகங்களில் அவ்வினத்தின் சினை ஊசி இருப்பில் உள்ளது என்ற விவரம் ஆகியவற்றைக் கேட்டு வாங்கி, மாதம் ஒருமுறை மாவட்டப் பக்கத்தில் வெளியிட்டால் போதும். தங்கம் விலைக்குக் கீழே நான்கு வரிக்கு இடம் இருக்கும் என்று நம்புகிறேன். அதற்கு விளம்பரக் கட்டணம் ஆகுமென்றால் தொகையைத் தெரிவியுங்கள். ஊரில் வசூலித்து அனுப்பி வைக்கிறோம்.

தங்கள் உண்மையுள்ள,
நெடுநாள் வாசகன்,
தலைஞாயிறு வட்டாரம்,
நாகப்பட்டினம் மாவட்டம்.