தூணை ஒட்டி நின்ற அப்பா: ஒரு நன்றி மடல்

அன்புள்ள அண்ணன்மார், அக்காமார், பாக்சிக், மக்சிக் என்று நான் கூப்பிடும் மலாய்ப் பெரியவர்கள் எல்லாருக்கும்,

போன சனிக்கிழமை எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் நடந்த பாட்டு மாலைக்கு உதவிய ஒவ்வொருவருக்கும் இந்த மடல். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். தொண்டை அடைத்துக்கொண்டு "வந்ததுக்கு நன்றி" என்பதற்கு மேல் எதுவும் வரவில்லை.

இளம் வயதில் இசைக்குழுவில் வாசித்த நாள்களின் சுவடாக அப்பா விட்டுப்போனது ஒரே ஒரு கறுப்பு வெள்ளைப் படம். ஒரே மாதிரி கோட்டு போட்ட நான்கு இளைஞர்கள். பின்னால் திரை, ஓரத்தில் ஒரு தூண். தூணை ஒட்டி பேஸ் கித்தாரோடு அப்பா. எந்த இடம், எந்த வருடம், எதுவும் பின்பக்கம் எழுதியில்லை. அவர் இருந்தபோது கேட்காமல் விட்டுவிட்டேன். அதனால்தான் அறுபதுகளில் சிங்கப்பூரில் வாசித்தவர்கள், ஆடியவர்கள் என்று தேடித் தேடி உங்கள் கதவைத் தட்டினேன்.

இசைத்தட்டுப் பெட்டியை அப்படியே தூக்கிக் கொடுத்த அக்காவுக்கு முதல் நன்றி. நம் ஊர்க் குழுவான நவோமி அண்ட் தி பாய்ஸ் பாடிய 'ஹேப்பி ஹேப்பி பர்த்டே பேபி' தட்டின் உறையில் நீல மையில் உங்கள் பெயர், பள்ளிக்கூடக் கையெழுத்தில். 1957இல் அமெரிக்காவில் டியூன் வீவர்ஸ் என்ற ரிதம் அண்ட் புளூஸ் குழு பாடிய பாட்டு அது. நவோமியின் குரலில் அது நம் ஊர்ப் பாட்டாகிவிட்டது. ஊசி வைத்ததும் கொஞ்சம் கரகரப்பு, அப்புறம் அந்தக் குரல். பின்வரிசையில் இருந்த பாட்டிமார் வாய்க்குள்ளேயே பாட ஆரம்பித்ததை நான் பார்த்தேன்.

டிரம்ஸ் வாசித்த பெரியவருக்கு அடுத்த நன்றி. 1961 நவம்பரில் இங்கிலாந்துப் பாடகர் கிளிஃப் ரிச்சர்டும் அவரோடு வாசித்த ஷேடோஸ் குழுவும் ஹேப்பி வோர்ல்டு கேளிக்கைப் பூங்காவுக்கு வந்துபோன பிறகு பையன்கள் கித்தாருக்காகக் காசு சேர்த்ததையும், 1964இல் நம் ஊர் குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷாண்டி' பீட்டில்ஸைத் தள்ளிவிட்டு இங்கே முதலிடத்துக்கு வந்ததையும் நீங்கள் சொன்னபோது பிள்ளைகள் கைபேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். புளூஸ் இசையை விடாமல் பிடித்துக்கொண்ட ஸ்ட்ரேடாக்ஸ் குழுவின் கித்தார்க்காரர் பெயர் ஜிம்மி அப்புத்துரை என்றதும் என் மகன் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

சரி, அந்தப் படத்துக்கு வருகிறேன். ஆர்ச்சர்ட் ஹோட்டலின் கோல்டன் வீனஸ் கிளப்தான், ஞாயிறு டீ டான்ஸ் என்ற பகல் நேர ஆட்டம்தான் என்றார் ஒருவர். இல்லை, செலேத்தார் முகாமில் பிரிட்டிஷ் சிப்பாய்களின் மெஸ் என்றார் பாக்சிக். பேச்சு முற்றி, பாக்சிக் சாக்குக்கட்டி வாங்கிவரச் சொன்னார். எழுபத்தெட்டு வயதில் தரையில் குந்தி, மேடை இங்கே, கதவு இங்கே, குளிர்பானம் விற்ற இடம் இங்கே என்று சிமெண்டில் கோடு போட்டார். மற்றவர் காலால் ஒரு கோட்டை அழித்து நகர்த்தினார். கடைசியில் ஒரு வட்டம் போட்டுவிட்டு பாக்சிக் என்னைப் பார்த்துச் சொன்னார்: "உன் அப்பா எப்பவும் இந்தத் தூண்கிட்டதான் நிப்பார். அவர் கித்தார் ஒயர் குட்டை. அதுக்கு மேல எட்டாது."

பாக்சிக், எட்டு வயதில் பறிகொடுத்த அப்பாவை எனக்கு நீங்கள் அந்த வட்டத்துக்குள் நிறுத்திக் காட்டினீர்கள். எந்த இடம் என்று இன்னும் முடிவாகவில்லை. எனக்கு அது போதும்.

1971 முடிவதற்குள் பிரிட்டிஷ் படை கிளம்பியது, முகாம்களில் வாசித்தவர்களுக்கு வேலை போனது. நீளமுடி வைத்த ஆண்களைக் கடைசியில்தான் கவனிப்போம் என்று அலுவலகங்களில் சுவரொட்டி ஒட்டினார்கள். பலர் கித்தாரைப் பரணில் போட்டுவிட்டு வேலைக்குப் போனார்கள். அப்படிப் போட்டதை இறக்கித் துடைத்து, புதுக் கம்பி மாற்றிக்கொண்டு வந்த அண்ணனுக்கு நான் என்ன சொல்ல? உங்கள் விரல் நுனி சிவந்திருந்தது.

பேசிவைத்த இடம் கடைசி வாரத்தில் கிடைக்காமல் போனபோது மேசை நாற்காலி தூக்கிய பக்கத்துவீட்டுத் தம்பிகளுக்கும், நாற்பது பேருக்கு மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸ் கிண்டிய மக்சிக்குக்கும் என் வணக்கம்.

சாக்குக்கட்டிக் கோடு மறுநாள் காலைக்குள் போய்விட்டது. அதற்கு முன்பே படம் எடுத்து வைத்துவிட்டேன், எல்லாருக்கும் ஒரு பிரதி வரும். அக்கா, உங்கள் தட்டுகளைத் துடைத்து உறை போட்டு வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை நானே கொண்டுவந்து தருகிறேன்.

அன்புடன்,
பேஸ் கித்தார்க்காரரின் மகள்