ஹாரியட் அம்மாவுக்கு, பத்தாம் அத்தியாயம் பற்றி

அன்புள்ள ஹாரியட் அம்மாவுக்கு,

இன்று மார்ச் 7. வாஷிங்டனில் நீங்கள் கண்ணை மூடியது 1897-இல், இதே தேதியில். திதி கொடுக்க எனக்கு உரிமையில்லை. கடிதம் எழுதுவதை யார் தடுக்கப் போகிறார்கள்?

உங்கள் கதையை உங்களுக்கே சொல்லப்போவதில்லை. எட்டிப் பார்க்கிறவர்களுக்காகக் கொஞ்சம்: ஹாரியட் ஜேக்கப்ஸ், அமெரிக்காவில் வட கரோலினாவின் ஈடன்டனில் 1813-இல் அடிமையாகப் பிறந்தவர். எஜமான் டாக்டர் நார்காமிடமிருந்து தப்பிக்கப் பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் ஒளிந்துகொண்டார். 9 அடி நீளம், 7 அடி அகலம், மிஞ்சிப்போனால் 3 அடி உயரம். அங்கே கிட்டத்தட்ட ஏழு வருஷம். அதையெல்லாம் 1861-இல் லிண்டா பிரெண்ட் என்ற புனைபெயரில் ‘Incidents in the Life of a Slave Girl’ என்ற புத்தகமாக்கினார்.

நீங்கள் மறைத்த பெயர்களை இங்கே போட்டு உடைக்கிறேன், மன்னியுங்கள். ஆனால் அந்தப் புனைபெயரால் என்ன ஆயிற்று என்று பாருங்கள். அறிஞர்கள் பலர் அதை நாவல் என்றே ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஜீன் ஃபேகன் யெலின் என்ற ஆய்வாளர் உங்கள் கடிதங்களைத் தோண்டியெடுத்து, 1987-இல் ஆதாரத்தோடு பதிப்பித்த பிறகுதான் நம்பினார்கள்.

சரி, உங்கள் மகன் பென்னிக்கு வருகிறேன். புத்தகத்தில்தான் பென்னி, நிஜத்தில் உங்கள் ஜோசப்.

1842-இல் வடக்கே தப்பிக்கக் கப்பலேறுவதற்கு முன் அவனிடம் விடைபெற்றீர்களே, அந்த இடத்தைத் தாண்டி என்னால் போகமுடியவில்லை. எப்போதோ விறகுக் கொட்டகைக்கு மேலே யாரோ இருமியது அவன் காதில் விழுந்திருக்கிறது. அம்மாதான் என்று தோன்றியிருக்கிறது. யாரிடமும் மூச்சு விடவில்லை. தங்கை மற்றப் பிள்ளைகளோடு அந்தப் பக்கம் விளையாடினால் அவளை நைசாக வேறு பக்கம் கூட்டிப்போகப் பார்த்திருக்கிறான். டாக்டர் போலீஸ்காரனிடம் பேசுவதைப் பார்த்தால் ஓடிவந்து பாட்டியிடம் சொல்லியிருக்கிறான். துறப்பணத்தால் போட்ட ஓட்டை வழியாக நீங்களும் பார்த்திருக்கிறீர்கள், இங்கே யாராவது வந்தால் இவன் ஏன் தவிக்கிறான் என்று புரியாமல்.

மேலே நீங்கள் மூச்சடக்கிக் கிடந்தீர்கள், கீழே அவன். அவன் விவேகத்தை மெச்சிவிட்டு நீங்கள் பாட்டுக்கு அடுத்த பத்திக்குப் போய்விடுகிறீர்கள்! அந்தப் பையன் பிற்பாடு தங்கம் தேடி ஆஸ்திரேலியா போனான். திரும்பவேயில்லை.

மன்னிப்பு யாரிடம் கேட்டீர்கள்? பத்தாம் அத்தியாயத்தில், வட மாநிலத்து வெள்ளைக்காரச் சீமாட்டிகளிடம். ஐம்பது வயது டாக்டர் ஒருவன் பதினைந்து வயதுப் பெண்ணின் காதில் ஆபாசத்தை ஓதிக்கொண்டே துரத்துகிறான். அவனிடம் சிக்காமலிருக்க நீங்கள் சாயர் என்ற வக்கீலிடம் போனீர்கள், இரண்டு குழந்தைகள் பெற்றீர்கள். இதற்கு அந்தச் சீமாட்டிகளிடம் ஏன் கெஞ்ச வேண்டும்? தெரியும், அவர்கள் மனம் இரங்காவிட்டால் 1861-இல் அந்தப் புத்தகத்தால் பயனில்லை. பகலெல்லாம் எழுத்தாளர் வில்லிஸ் வீட்டுப் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு, அவருக்குத் தெரியாமல் ராத்திரியில் எழுதியவரிடம் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டு கணக்குக் கேட்கிறேன். இருந்தாலும் கேட்கத்தான் செய்வேன். பென்னியிடம் ஒரு வரி கேட்டிருக்கலாம் அம்மா.

இந்தப் புத்தகத்தை என் மகளிடம் கொடுப்பது என்று ஒருவழியாக முடிவு செய்துவிட்டேன். பத்தாம் அத்தியாயத்தோடு சேர்த்துத்தான். அவள் அப்பாவைப் பற்றி அவளிடம் நான் சொல்லவேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. இதைச் சொந்தக்காரர்களும் படிப்பார்கள், அதனால் இங்கே இவ்வளவு போதும். அவர் கெட்டவர் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மகளை வெளியூரில் படிக்க அனுப்புமுன் சாயர் விஷயத்தைச் சொல்ல வாயெடுத்தீர்கள். வேண்டாம்மா, எனக்கு எல்லாம் தெரியும் என்று கட்டிக்கொண்டாள். முதல் தடவை படித்தபோது அழுதேன். இப்போது எரிச்சலாக இருக்கிறது. பாதியிலேயே தப்பித்துவிட்டீர்கள்! அந்தப் பெண் உங்களை மேலே பேசவிடாமல் காப்பாற்றிவிட்டாள்.

என் மகள் அப்படி விடுகிற ரகமில்லை. எந்த வருஷம், யார் யாருக்குத் தெரியும், பாட்டிக்குத் தெரியுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை கொடுக்கிறேன். அன்றைக்கு அவளுக்கு டியூஷன் கிடையாது.