கட்டையிலிருந்து வந்த லாக் இன்

போர்ட்ஸ்மத்

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். முழங்காலுக்குத் தைலம் தேய்க்கிறீர்களா? அம்மாவிடம் கேட்டால் மழுப்புகிறாள்.

“லாக் இன் செய்ய வேண்டும், வைக்கிறேன்” என்று நான் போனை வைக்கும்போதெல்லாம் கோபித்துக்கொள்கிறீர்கள். முதியோர் இல்லத்து வேலை அப்படி. யார் எவ்வளவு தேநீர் குடித்தார், எந்த மாத்திரையை வேண்டாம் என்றார், இரவில் எப்போது விழித்தார், எல்லாவற்றையும் கணினியில் ஏற்ற வேண்டும். ஏற்றாவிட்டால் நடக்கவே இல்லை என்பார்கள். அதற்குப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து உள்ளே நுழைவதுதான் லாக் இன்.

இங்கே கடற்படையில் இருந்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். “அது எங்கள் சொல்லம்மா” என்று உரிமை கொண்டாடுகிறார். உண்மைதான். லாக் என்றால் மரக்கட்டை. முடிச்சுகள் போட்ட நீளக் கயிற்றின் நுனியில் அதைக் கட்டிக் கப்பலின் பின்பக்கம் எறிவார்கள். ஓரத்தில் ஈயம் வைத்த கட்டை நீரில் நிமிர்ந்து, விழுந்த இடத்திலேயே நிற்கும். கப்பல் போகப் போகக் கயிறு உருவிக்கொண்டு ஓடும். மணல் கடிகாரம் தீர்வதற்குள் கையைத் தாண்டிய முடிச்சுகளே வேகம். வில்லியம் போர்ன் 1574-இல் வெளியிட்ட நூலிலேயே இந்த முறை உண்டு. பிற்காலத்தில் 28 விநாடிக் கடிகாரத்துக்கு 47 அடி 3 அங்குலத்துக்கு ஒரு முடிச்சு. பெருக்கிப் பாருங்கள், மணிக்கு ஒரு கடல் மைல் வரும். கப்பல் வேகத்துக்கு நீங்கள் சொல்லும் ‘நாட்’ அந்த முடிச்சேதான்.

அந்த எண்ணை எழுதிவைத்த ஏடு லாக் புத்தகம். பிறகு காற்று, திசை, விபத்து எல்லாம் அதில் ஏற, பதிவு செய்வதற்கே லாக் என்று பெயராகிவிட்டது. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் ஒரே கணினியைப் பலர் பகிர்ந்துகொண்டார்கள். யார் எவ்வளவு நேரம் எடுத்தார் என்று கணக்கு வேண்டுமே! நுழைய லாகின், வெளியேற லாக்அவுட் என்று கட்டளைகள் வைத்தார்கள்.

நீங்கள் பாய்மரத் தோணியில் கொழும்புக்குப் போய்வந்த தண்டல், அதாவது தோணித் தலைவர், என்றதும் பெரியவர் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். வேகத்தை எப்படிக் கணக்கிட்டார்கள் என்று நச்சரிக்கிறார். தூத்துக்குடியை விட்டதும் எதை வைத்து மதிப்பிட்டீர்கள்? நுரையா, காற்றா, வெறும் கண்ணா? விவரமாக எழுதுங்கள். தம்பியிடம் சொல்லச் சொல்லி எழுதவைத்தாலும் சரி.

அன்பு மகள்