கொண்டை ஊசி வளைவில் தேடப்படும் கைபேசி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அண்மையில் திம்பம் மலைப்பாதையில் எங்களுக்கு முன்னால் சென்ற காய்கறி லாரி கவிழ்ந்து ஓட்டுநரின் கால் முறிந்தபோது அவசர உதவிக்கு அழைத்தேன். எதிர்முனையில் பேசியவர் ஊர்ப் பெயரையும் அருகிலுள்ள கோயிலையும் திரும்பத் திரும்பக் கேட்டார். நடுக்காட்டில் எந்த ஊரைச் சொல்வது? தடுப்புச் சுவரில் எழுதியிருந்த ‘9/27’ என்ற வளைவு எண்தான் கடைசியில் கைகொடுத்தது.

இத்தனைக்கும் 2018 ஜனவரி முதல் விற்கப்படும் கைபேசிகளில் ஜிபிஎஸ் வசதி இருக்க வேண்டுமென்று மத்திய அரசு 2016-லேயே ஆணையிட்டிருந்தது. கைபேசிக் கோபுரத்தை மட்டும் வைத்து இடத்தைக் கணித்தால் கோவை காந்திபுரத்தில் சில நூறு மீட்டருக்குள் கண்டுபிடித்துவிடலாம். கோபுரங்கள் அரிதாக நிற்கும் மலையிலோ பிழை பல கிலோமீட்டர் வரை நீளும். தாளவாடிப் பக்கம் கைபேசி கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்வது தனிக்கதை.

இதற்கான தொழில்நுட்பத் தரநிலை ஏற்கெனவே இருக்கிறது. அவசர எண்ணை அழைத்தவுடன் கைபேசியே தன் ஜிபிஎஸ்ஸை இயக்கி, இருப்பிடத்தைக் குறுஞ்செய்தியாகக் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்பிவிடும் ‘ஏஎம்எல்’ (அட்வான்ஸ்டு மொபைல் லொகேஷன்) முறைதான் அது. அவசர அழைப்பின்போது இப்படித் தன் இருப்பிடத்தைத் தெரிவிக்கும் திறனை, 2022 மார்ச் முதல் ஐரோப்பிய ஒன்றியம் அங்கே விற்பனைக்கு வரும் ஸ்மார்ட்போன்களுக்குக் கட்டாயமாக்கியது. கடைகளுக்கு வழிகாட்டவும் விளம்பரம் அனுப்பவும் நம் இருப்பிடம் துல்லியமாகப் பயன்படும்போது, 112 அவசர அழைப்புக்கும் அதே துல்லியத்தைத் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் உரிம நிபந்தனையாக்கி, மலைப்பகுதிகளில் சோதித்து முடிவுகளை வெளியிடுமாறு தொலைத்தொடர்புத் துறையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர், சத்தியமங்கலம்