ஓட்டுநர் கடைசியாக எப்போது தூங்கினார்?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், சாலையோரம் நின்றிருந்த வண்டியின் மீது பார்சல் லாரி மோதிய செய்தியைப் படித்தேன். நின்றிருந்த வண்டிக்குப் பின்விளக்கு எரிந்ததா, அது நின்ற இடம் வண்டி நிறுத்துவதற்கான இடம்தானா என்பதற்கெல்லாம் இடம் போதாத அந்தச் சிறு செய்தியில், "ஓட்டுநர் கண் அயர்ந்ததே விபத்துக்குக் காரணம்" என்று முடிப்பதற்கு மட்டும் இடம் இருந்தது. அந்த ஓட்டுநரை எனக்குத் தெரியாது. ஆனால் அவர் பார்க்கும் அதே வேலையைத்தான் பல ஆண்டுகளாக நானும் பார்க்கிறேன் என்பதால், அவர் கண் எப்படி அயர்ந்தது என்பது எனக்கு நன்றாகவே தெரியும்.

இருபது, முப்பது வண்டிகளை வைத்துக்கொண்டு தமிழ்நாட்டுக்குள்ளும், மிஞ்சினால் கர்நாடகம், கேரளம் வரையிலும் மட்டும் ஓட்டும் கம்பெனி எங்களுடையது. மும்பைக்கும் தில்லிக்கும் லைன் போகிறவர்கள் எங்களைப் பார்த்து, "உங்களுக்கென்ன, பக்கத்து ஓட்டம், வீட்டுச் சாப்பாடு" என்பார்கள். தூரம் குறைவுதான், மறுக்கவில்லை. ஆனால் தூரம் குறைந்தால் நடைகள் கூடும். நடைகள் கூடினால் ஏற்றுவதும் இறக்குவதும் கூடும். லைன் வண்டிக்காரர் வாரத்தில் ஓரிரு முறை குடோன் வாசலில் காத்துக்கிடக்கிறார் என்றால் நாங்கள் அநேகமாகத் தினமும் காத்துக்கிடக்கிறோம். மாலையில் தொடங்கும் லோடு, கடைசிக் கடைக்காரர் பில் அனுப்பும் வரை முடியாது. அதன் பிறகு தார்ப்பாய் இழுத்து, கயிறு கட்டி, இரவெல்லாம் ஓட்டி, விடிவதற்குள் மாநகர எல்லையைத் தாண்டியாக வேண்டும். தாண்டத் தவறினால் கனரக வாகனங்களுக்கு நுழைவு இல்லாத நேரம் தொடங்கிவிடும். புறநகரில் எங்காவது ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். உள்ளே போய்விட்டாலும் குடோன் திறந்து, சுமைதூக்குவோர் வந்து, பெட்டிகளை எண்ணி, சரக்கு ரசீதான எல்.ஆர். நகலில் கையெழுத்து வாங்குவதற்குள் உச்சிவேளை ஆகிவிடும். பெட்டி ஒன்று குறைந்தாலும், ஓரம் நனைந்திருந்தாலும் பிடித்தம் எங்கள் கணக்கில்தான் விழும் என்பதால், இறக்கும்போது கேபினில் சாய்ந்து கண்ணை மூடவும் முடியாது. முன்பு இதற்கெல்லாம் கிளீனர் ஒருவர் இருப்பார். இப்போது ஓட்டுவது, கட்டுவது, எண்ணுவது, பின்பக்கம் பார்ப்பது எல்லாம் ஒரே ஆள்தான்.

இப்படிக் காத்திருக்கும் மணி நேரங்களுக்குக் கம்பெனிக் கணக்கில் ஓய்வு என்று பெயர். வண்டி ஓடவில்லை அல்லவா, ஆகவே ஓட்டுநர் தூங்கியிருப்பார் என்பது அவர்களுடைய நம்பிக்கை. அந்தத் தூக்கத்தை ஒரு முறை நேரில் வந்து பார்க்கும்படி தங்கள் செய்தியாளரை அன்புடன் அழைக்கிறேன். நண்பகலில், முன்கண்ணாடிக்கு உள்பக்கம் லுங்கியைக் கட்டி வெயிலை மறைத்து, இன்ஜின் சூடு இன்னும் ஆறாத கேபினில், நனைத்த துண்டை நெஞ்சில் போட்டுக்கொண்டு படுத்துப் பார்க்கட்டும். அரை மணி நேரம் ஆகியிருக்காது, கைபேசி அடிக்கும். வண்டி நிற்பதை ஜி.பி.எஸ். காட்டுகிறதாம், ஏன் நிற்கிறது என்று அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி கேட்பார். இரவு முழுவதும் நிற்காமல் ஓடியதையும் அதே ஜி.பி.எஸ்.தான் காட்டியது, அதைப் பார்த்து ஒருவரும் அழைத்ததில்லை.

சரக்கு லாரிகளின் கேபினுக்குக் குளிர்சாதன வசதி கட்டாயம் என்ற மத்திய அரசின் அறிவிப்பைத் தாங்கள் முதல் பக்கத்தில் பாராட்டி எழுதியிருந்தீர்கள். நல்ல விதிதான். ஆனால் அது 2025-இல் விதி நடைமுறைக்கு வந்த பிறகு தயாரிக்கப்படும் வண்டிகளுக்கு உரியது. நான் ஓட்டும் வண்டியோ அதற்கு வெகுகாலம் முன்பே பிறந்துவிட்டது. நெடுஞ்சாலைகளில் ஓட்டுநர்களுக்காக முதற்கட்டமாக 1,000 ஓய்வு இல்லங்கள் கட்டப்படும் என்று 2024 பிப்ரவரியில் பிரதமர் அறிவித்ததும் செய்தியாக வந்தது. எங்கள் ஓட்டத்தில் பாதி, தேசிய நெடுஞ்சாலையை விட்டு விலகிய மாநிலச் சாலைகளிலும் சந்தை ஊர்களிலும்தான் என்பதைப் பற்றி யாரும் எழுதியதாக நினைவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை என்பதைத் தாங்கள் நன்கு அறிவீர்கள். நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம், 5 மணி நேர வேலைக்குப் பிறகு அரை மணி நேர இடைவேளை, ஒரு நாள் வேலை முடிந்து மறுநாள் வேலை தொடங்குவதற்குள் தொடர்ச்சியாக 9 மணி நேர ஓய்வு என்று 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டத்திலேயே எழுதிவைத்தார்கள். நெடுந்தூர வழித்தடம் என்றாலும் நாளுக்கு 10 மணி நேரம்தான் என்றது அந்தச் சட்டம். சாலையில் என்னை நிறுத்திய அதிகாரிகள் உரிமம் கேட்டிருக்கிறார்கள், பெர்மிட் கேட்டிருக்கிறார்கள், காப்பீடு, புகைச் சான்று, வேறு சிலவும் கேட்டிருக்கிறார்கள். எத்தனை மணிக்கு வண்டியை எடுத்தாய், எப்போது தூங்கினாய் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. பாரம் அதிகமானால் 20,000 ரூபாயும், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் 2,000 ரூபாயும் அபராதம் என்று சட்டம் துல்லியமாகச் சொல்கிறது. தூக்கம் குறைந்தால் முதலாளிக்கு எவ்வளவு என்று எந்த அலுவலகச் சுவரிலும் எழுதி நான் பார்த்ததில்லை.

சத்தியமங்கலம் காட்டு வழியே கர்நாடகம் போகும் திம்பம் மலைப்பாதையை எடுத்துக்கொள்ளுங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் அங்கு மாலை 6 மணியிலிருந்து காலை 6 மணி வரை சரக்கு வாகனங்களுக்கு அனுமதி இல்லை. காட்டு விலங்குகள் வண்டியில் அடிபட்டுச் சாவதைக் கண்டவன் என்ற முறையில் அந்தத் தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் பண்ணாரி சோதனைச் சாவடியைச் சாயங்காலத்துக்குள் தாண்டாவிட்டால் இரவு முழுவதும் அடிவாரத்தில் நிற்க வேண்டும், நின்ற இரவுக்கு எங்கள் கம்பெனியில் பேட்டா கிடையாது. நடைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் என்ன செய்வான்? காலையிலிருந்து சாப்பாட்டுக்குக்கூட இறங்காமல் மிதித்து வருவான், களைத்த கண்ணோடு அந்த 27 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுவான். இரவில் விலங்குகளைத் தொந்தரவு செய்யாதீர்கள் என்று நீதிமன்றம் வரை சென்று கேட்க ஆள் இருந்ததில் எனக்கு மகிழ்ச்சியே. எங்களுக்கும் அப்படி ஒருவர் வாய்த்தால் நன்றாயிருக்கும்.

தங்கள் நாளிதழில் அடிக்கடி வரும் இன்னொரு தலைப்பு, "ஓட்டுநர் தப்பியோட்டம்". விபத்தில் காயமடைந்தவரை ஓட்டுநர் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும் என்று சொல்லும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆவது பிரிவே, கூட்டத்தின் ஆத்திரத்தால் அது முடியாமற்போகலாம் என்று விலக்களிக்கிறது. சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்த, கூட்டத்திடம் ஓட்டுநர் வாங்கும் அந்த அடி, செய்தி எழுதுகிறவர்களுக்கு மட்டும் தெரியாமல் இருக்காது. 2024 ஜனவரியில் ஓட்டுநர்கள் வேலைநிறுத்தம் செய்தது, தப்பியோடினால் 10 ஆண்டுகள் வரை சிறை என்ற புதிய சட்டப் பிரிவை எதிர்த்து. அப்போதும் பெட்ரோல் நிலைய வரிசைகளின் படம்தான் பெரிதாக வந்தது. மற்றபடி, ஆயுத பூஜையன்று மாலை போட்ட லாரியை ஆண்டுதோறும் வண்ணத்தில் வெளியிடுகிறீர்கள், அதற்கு நன்றி.

ஓட்டுநர் பற்றாக்குறையைப் பற்றிய தங்கள் கட்டுரையில் இக்கால இளைஞர்களுக்கு உடலுழைப்பில் நாட்டமில்லை என்று எழுதியிருந்ததையும் மறக்கவில்லை. என் மகனை இந்தத் தொழிலுக்கு வராதே என்று தடுத்தவன் நான்தான். அவனுடைய நாட்டத்தை யாரும் குறை சொல்ல வேண்டாம்.

நான் கேட்பது மிகச் சிறிய ஒன்று. இனி லாரி விபத்துச் செய்தியில் ஓட்டுநர் கண் அயர்ந்தார் என்று எழுதும்போது, அவர் எத்தனை மணி நேரமாக வேலையில் இருந்தார் என்பதையும் சேர்த்து ஒரு வரி எழுதுங்கள். இதற்குப் பெரிய புலனாய்வு எதுவும் தேவையில்லை. ஜி.பி.எஸ். பதிவு கம்பெனியிடம் இருக்கும். தர மறுத்தால் மறுத்ததையே எழுதலாம். சுங்கச்சாவடிகளில் ஃபாஸ்டேக் பணம் கழிந்த நேரங்களைக் காவல்துறையிடம் கேட்டு வரிசையாக வைத்தாலும் போதும், வண்டி எங்கே நின்றது, நிற்கவே இல்லையா என்பது தெரிந்துவிடும். சென்ற வாரச் செய்தியிலிருந்தே தொடங்கலாம்.

இக்கடிதத்தை வெளியிட்டால் என் பெயரைத் தவிர்த்துவிடும்படி வேண்டுகிறேன். எங்கள் கம்பெனி அலுவலகத்திலும் தங்கள் நாளிதழைத்தான் வாங்குகிறார்கள்.

இப்படிக்கு,
லாரி ஓட்டுநர் ஒருவர்,
நாமக்கல் மாவட்டம்.